பதினான்கு நொடி வயலின்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்ட் நடுவில் இசை வந்தால் தள்ளிவிட்டு மேலே போகிற ஆள் நான். ஒரு நாள் மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. தள்ள முடியவில்லை. காதில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று பேச்சை நிறுத்தினாள், ஏதோ வாத்தியம் வந்தது, பிறகு வேறு விஷயம் பேசினாள். நடுவில் என்ன நடந்திருக்கும்? கும்பகோணம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நிஜம். மற்றதெல்லாம் கற்பனை.

(கற்பனை என்று சொல்லிவிட்டால் பொறுப்பு குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'காவிரியில் தண்ணீர் வந்த அன்று மாதங்கி தன் மைக்கைத் துடைத்து' – வேண்டாம். கதை ஓடவில்லை என்றால் உடனே தண்ணீரைத் திறந்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இரண்டாவது முயற்சி: மாதங்கிக்கு முப்பத்து நான்கு வயது. திருவையாற்றில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். மாதம் இரண்டு தடவை யார் வீட்டுக்காவது போய், அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போடுகிறாள். குக்கர் கத்தினாலோ, யாராவது குறுக்கே கூப்பிட்டாலோ, அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, தான் வாசித்த பதினான்கு நொடி வயலினை அங்கே வைப்பாள். கேட்கிறவர்கள் பேச்சைவிட அந்த வயலினைத்தான் அதிகம் பாராட்டினார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என்னைப் போலவே இருக்கிறாள்.

3

கூத்தாநல்லூரில் கமருன்னிஸா வீடு. வயது ஐம்பது. அவர் கணவர் அப்துல் ரஹ்மான் இருபத்திரண்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு, அந்த மாதம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். காத்திருந்த வருடங்களைப் பற்றிக் கமருன்னிஸா பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து "கமரு" என்று கணவர் குரல் வந்தது.

"இருங்க மாதங்கி, கூப்பிடுறாங்க" என்று எழுந்து போனவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "கண்ணாடியக் காணோமாம். நெத்தியிலயே மாட்டிக்கிட்டு வீடெல்லாம் தேடுறாங்க."

மாதங்கி வீட்டுக்கு வந்து, அவர் கூப்பிட்டதிலிருந்து கண்ணாடி வரை முழுவதையும் வெட்டினாள். வயலினை வைத்தாள். போனில் இடம் இல்லை என்று மூலப் பதிவையும் அன்றே அழித்தாள்.

பதிவு செய்த நாற்பதாவது நாள் அப்துல் ரஹ்மான் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது கமருன்னிஸா

[இந்த வாக்கியத்தை ஆறு தடவை எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மூன்று நட்சத்திரக் குறி போட்டு அடுத்த காட்சிக்குத் தாண்டினேன். மாதங்கி செய்ததும் இதைத்தானே என்று அப்புறம்தான் உறைத்தது. குறியை அழித்துவிட்டேன். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.]

4

கணவனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் கமருன்னிஸா இருந்தார். மாதங்கி பார்க்கப் போனாள். கமருன்னிஸாவின் மடியில் இருந்த போனில் மாதங்கியின் வயலின் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு உதவி பண்ணணும் மாதங்கி. இந்த வயலினை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

"ஏன்க்கா?"

"இதுக்கு அடியிலதான அவங்க என்னயக் கூப்பிடுறாங்க?"

கமருன்னிஸா போனை இன்னும் கொஞ்சம் காதருகே கொண்டுபோனார்.

"வாய்ஸ் மெசேஜ் எரநூறு கெடக்கு. எல்லாம் சவூதிலேர்ந்து பேசுனது. அடுத்த ரூம்லேர்ந்து கூப்பிட்டது இது ஒண்ணுதான். இத்தாவுல இருந்துக்கிட்டு என்ன பாட்டு கேக்குறேன்னு நாத்தனா சைத்தூன் பீவி சத்தம் போடுறாங்க. பாட்டா கேக்குறேன் நானு? இது ஓடினாத்தான் ரெண்டு வாய் சோறு எறங்குது."

வயலினுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மாதங்கி எதையும் போர்த்தி மறைக்கவில்லை. வெட்டி எடுத்த இடத்தில் வைத்து அடைத்திருந்தாள். கமருன்னிஸா இத்தனை நாளாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது வெறும் வயலினை.

"பாக்குறேன்க்கா" என்றாள்.

5

முடிவு ஒன்று: பழைய பென்டிரைவில் மூலப் பதிவு கிடைக்கிறது. நான்கு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் படித்தால் வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மாதங்கி உண்மையைச் சொல்கிறாள், கமருன்னிஸா அவள் கையைப் பிடித்து, "போவட்டும் விடும்மா" என்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து? மன்னிப்பு தேவைப்பட்டது எனக்கும் மாதங்கிக்கும்தான்.

முடிவு மூன்று: மாதங்கி கடைசிவரை சொல்லவே இல்லை. கமருன்னிஸா இன்னும் இருபத்திரண்டு வருடம் அந்த வயலினுக்குள் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் எதையும் எழுதவில்லை.

சொன்னால் அவர் கணவரை இன்னொரு தடவை பறிகொடுப்பார். சொல்லாவிட்டால் ஒரு ஏமாற்றோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாதங்கி வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். பிள்ளைகளிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

6

இத்தா முடிந்துவிட்டது. கமருன்னிஸா முதல் காரியமாகப் பஸ் ஏறித் திருவையாற்றுக்கே வந்துவிட்டார். இப்போது மாதங்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

"எடுத்துட்டீங்களா மாதங்கி?"

மாதங்கி என்னைப் பார்க்கிறாள். எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் மூன்று முடிவு எதற்கு எழுதுகிறேன்? இங்கே நட்சத்திரக் குறியும் போட மாட்டேன். போட்டால் நீங்களும் என்னைப் போலத் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

கமருன்னிஸா நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் போனை அமுக்குகிறார். வயலின் ஆரம்பித்துவிட்டது. பதினான்கு நொடியில் முடிந்துவிடும். முடிந்ததும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்குள் நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.