நாற்பத்தேழாவது பொட்டு

நாற்பத்தாறு பொட்டு வைத்து முடித்த பிறகும் கிண்ணத்தில் ஒரு பொட்டுக்கான சந்தனம் மிச்சம் இருந்தது. அதைக் கழுவி ஊற்ற மோகன்குமாருக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பஸ்ஸை இன்னொரு சுற்று வந்தான். ஆறு சக்கரத்துக்கும் ஆகிவிட்டது. ஸ்டியரிங், ஹாரன், பக்கக் கண்ணாடிகள், முதலுதவிப் பெட்டி, அவசரக் கதவின் கைப்பிடி, தீயணைக்கும் உருளை, கடைசியில் யாரும் எட்டிப் பார்க்காத ஜாக்கி வரை ஆகிவிட்டது. பின்கண்ணாடிக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், மிளகு உருண்டை மாதிரி ஒரு கறுப்புக் குமிழ் மட்டும் பொட்டில்லாமல் பாவமாக நின்றது. ஏதோ ரப்பர் அடைப்பான் என்று நினைத்தான். கட்டைவிரலில் மொத்தச் சந்தனத்தையும் வழித்து அதன் மேல் அப்பி, நடுவில் ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குங்குமத்தை அழுத்தி வைத்தான். நாற்பத்தேழு. அதற்குப் பிறகுதான் சூடம் கொளுத்தினான்.

அது வெறும் சந்தனமும் அல்ல. மறுநாள் காலையில் அவிநாசி ரோட்டுக் காற்றில் பொட்டெல்லாம் உதிர்ந்துவிடுமே என்று முன்யோசனை செய்து, மகளின் லீவு வீட்டுப்பாடமான தெர்மகோல் சூரியக் குடும்பத்தில் ஒன்பதாவது கிரகத்தை ஒட்டியது போக ட்யூபில் மிச்சமிருந்த பசையை அதில் பிழிந்து குழைத்திருந்தான். கிரகம் எட்டுதான் என்று மகள் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பதினெட்டு வருடமாகப் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டின் கனத்துக்கு இரும்பைச் சீவித் தருகிறவன். அவன் போட்ட கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பஸ் அவனுடையது அல்ல. கருமத்தம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சொந்தமானது. ஆனால் திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது அதை ஓட்டப்போகிறவள் அவன் மனைவி செவ்வந்தி. ஆறு வருடம் அதே பள்ளியின் பஸ்ஸில் ஆயாவாக நின்றுகொண்டே போனவள். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, வாந்தி துடைத்து, தொலைந்த ஒற்றை ஷூவைத் தேடித் தந்தவள். நின்ற ஆறு வருடமும் அவள் கண் டிரைவரின் கால்களில் இருந்திருக்கிறது என்பது கனரக லைசென்ஸ் கையில் வந்த அன்றுதான் மோகன்குமாருக்கே தெரிந்தது. அவள் அப்பா நஞ்சப்பன் ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்து டிராக்டருக்குப் பின்னால் நடந்தவர். ஒரு நாளும் அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததில்லை, யாரும் உட்காரச் சொன்னதுமில்லை. லைசென்ஸைக் கையில் வாங்கிய அவர், அது கண்ணாடிச் சாமான் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தார்.

பள்ளியின் தாளாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சனிக்கிழமை ஆர்டிஓ செக்கிங்ல வண்டி பாஸாச்சுன்னா அந்த ரூட்டை நீங்களே ஓட்டுங்கம்மா. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அடுத்த செக்கிங் பத்து நாள் கழிச்சுத்தான். பிள்ளைகள அதுவரைக்கும் ரோட்டுல நிறுத்த முடியாது. வேற வண்டி, வேற டிரைவர் பேசிருவேன். வருசம் பூராவும் அவங்கதான்."

ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள் மதிவதனி லீவு முழுக்க உடுமலைப்பேட்டையில் மாமா வீட்டில் இருந்தவள். அங்கே இந்தச் சேதியைச் சொல்லாத ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிறவருக்குக்கூட அவள் அம்மாவின் ரூட்டில் எத்தனை ஸ்டாப் என்று தெரியும். அங்கே மாமன் மகன் அவள் தலைமுடியில் சூயிங்கத்தை ஒட்டிவிட்டான். திரும்பி வந்த நாளிலிருந்து செவ்வந்தி, மாமா செக்கில் ஆட்டிக் கொடுத்த தேங்காய் எண்ணெயை அந்தத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு படி எண்ணெயாவது போயிருக்கும். பிள்ளை நடந்தால் பின்னால் கோடு விழுந்தது.

சனிக்கிழமை காலை, கோவையில் அந்த மைதானம் மஞ்சள் கடலாகக் கிடந்தது. இருநூறு பஸ்ஸாவது இருக்கும். மோகன்குமார் பின்னாளில் இதைச் சொல்லும்போது ஐந்நூறு ஆகிவிடும். வெயிலோ, ஸ்கூலை ஒரு வாரம் தள்ளிவைத்தும் கோபம் தீராத வெயில். அத்தனை டிரைவர்களில் செவ்வந்தி ஒருத்திதான் காக்கிச் சட்டைக்குக் கீழே சேலை கட்டியிருந்தாள். மகளோடு சேர்த்து மூன்று பேரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். கடைசி வண்டிக்காரரான உமர் பாரூக், இருபது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், இவர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க தம்பி, தீயணைக்கிற உருளைக்குமா பொட்டு வச்சிருக்கறீங்க?"

"நாந்தானுங்க வச்சேன்."

"நல்லதுங்க. இனி நெருப்பு கிட்ட வந்தாலும் கும்பிட்டுட்டுப் போயிரும்."

இன்ஸ்பெக்டர் வந்தார். படிக்கட்டு உயரத்தை அளந்தார், அவசரக் கதவைத் திறந்து மூடினார், தரைப் பலகையில் இரண்டு முறை ஓங்கி மிதித்தார். நாற்பது பொட்டுகளைத் தாண்டியும் அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. செவ்வந்தியைச் சீட்டில் ஏறச் சொன்னார்.

"ரிவர்ஸ் கியர் போடுங்கம்மா. கேமராவைப் பார்க்கலாம்."

அவள் போட்டாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் ஒரு செக்கச்சிவந்த இருட்டு எழுந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"என்னம்மா இது? பின்னால சூரியன் மறையுதா?"

"நேத்துச் சாயந்தரம் இதப் பாத்துத்தானுங்க சார் ஊட்டு முன்னால ரிவர்ஸ் எடுத்து நிறுத்துனேன். நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"இப்ப இல்லையே. கேமரா இல்லைன்னா திருப்பித்தான் அனுப்பணும். ரூல்ஸ்."

படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்த மோகன்குமாருக்கு அந்தச் சிவப்பு எந்தக் கோயில் குங்குமம் என்பது அந்த நொடியில் தெரிந்துபோனது. மிளகு உருண்டை. ரப்பர் அடைப்பான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேமரா கோளாறு என்று போய்விடும். கண்ணாடி வழியாகச் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தான். அவள் கெஞ்சவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தபடியே இருக்க, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளுக்கும் வருடம் பூராவுக்கும் உள்ள கணக்கை அவள் மனதுக்குள் போடுவது அவனுக்குத் தெரிந்தது. வகுப்பில் பையன் கை தூக்குவது போல அவன் கை தானாக உயர்ந்தது.

"சார், கேமரா நல்லா இருக்குதுங்க. மேல பொட்டு வச்சுப்போட்டேன். தெரியாம."

"நீங்க யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதினெட்டு வருடமாக ஒரே பதில்தான் வைத்திருந்தான். பம்பு கம்பெனி, லேத் ஆபரேட்டர். இப்போது வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"டிரைவரம்மா ஊட்டுக்காரனுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். இவர்களுக்குப் பின்னால் நான்கு வண்டிகள் நின்றன. "கடைசி வண்டி முடியற வரைக்கும் டைம். அதுக்குள்ள திரையில தெளிவாத் தெரியணும்."

செவ்வந்தி ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "வச்ச கைதானுங்க, எடுத்துருங்க."

தண்ணீர் ஊற்றினான். பொட்டு குளித்துவிட்டு இன்னும் பளிச்சென்று நின்றது. நகத்தால் சுரண்டினால் லென்ஸில் கீறல் விழும் என்பது தெரிந்த தொழில்காரன் என்பதால் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். தேய்க்கத் தேய்க்கச் சிமெண்டுபோல இறுகியது. அந்தப் பசை ஒன்பது கிரகங்களைச் சூரியனோடு சேர்த்துக் கட்டிய பசை அல்லவா. இரண்டு வண்டிகள் முடிந்து வெளியே போய்விட்டன. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அப்பா," என்றாள் மதிவதனி பக்கத்தில் வந்து. "சூயிங்கத்தை அம்மா எண்ணெய் வச்சுத்தானுங்க எடுத்தாங்க."

"எண்ணெய்க்கு இப்ப எங்க போவேன் கண்ணு?"

அவள் திரும்பி நின்று சடையை அவன் கையில் கொடுத்தாள்.

மோகன்குமார் மகளின் தலையை இரண்டு கையாலும் வழித்தான். உடுமலைப்பேட்டைத் தேங்காயெல்லாம் அவன் உள்ளங்கையில் வந்து இறங்கியது. அதை லென்ஸின் மேல் தடவி ஊறவிட்டான். மறுபடி தலை, மறுபடி லென்ஸ். மூன்றாவது வண்டியும் முடிந்தது. மிச்சம் இருந்தது உமர் பாரூக்கின் வண்டி மட்டும். அங்கே முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்ன இன்ஸ்பெக்டரிடம் உமர் பாரூக் ஒவ்வொரு பஞ்சுச் சுருளாக வெளியே எடுத்து, இது எந்த வருடம் எந்தக் கடையில் வாங்கியது என்று வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் வெட்டிக் காட்டினார். ஓரக்கண்ணால் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்த சுருளைப் பிரித்தார்.

"அண்ணா, போதும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க சார், நீங்க நல்லாப் பாத்துக்கோணும். பிள்ளைக போற வண்டிங்க."

அதற்குள் பொட்டு ஓரத்தில் சற்றே நெகிழ்ந்தது. அப்புறம் தோல் உரிகிற மாதிரி ஒரே இழுப்பில் அவன் விரலோடு வந்துவிட்டது. வண்டிக்குள் ஓடிப் போயிருந்த மதிவதனி ஜன்னலில் தலை நீட்டினாள்.

"அப்பா, உங்க மூக்கு தெரியுதுங்க. திரை பூரா மூக்குங்க."

சட்டை நுனியால் எண்ணெயை ஒற்றி எடுத்தான். விளிம்பு இடுக்கில் கடுகளவு குங்குமம் மட்டும் எதற்கும் அசையவில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து, இரண்டு பீப்பாய்க்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, தானே தூரத்தில் நின்று கை காட்டினார். செவ்வந்தி எடுத்தாள். பெரிய வண்டி, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. மோகன்குமார் கண்ணாலேயே அளந்தான், மைக்ரான் கணக்கில் சரியாக இருந்தது. உள்ளிருந்து தாயும் மகளும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கடுகளவு சிவப்பு, திரையின் உச்சியில், இன்ஸ்பெக்டரின் நெற்றிக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்ததை மதிவதனி அப்புறம் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரும் வண்டியில் ஏறித் திரையைப் பார்த்தார். அந்தப் புள்ளியைச் சற்று நேரம் பார்த்தார். "பார்வையை மறைக்கலை," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படியில் இறங்கியவர் திரும்பி, "அளவு சுத்தமா எடுக்கறீங்கம்மா," என்றார். இது பின்னாளில் மோகன்குமார் வாயில் ஒரு முழுப் பாராட்டு விழாவாக வளர்ந்தது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டியை வீட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னவன் மோகன்குமார்தான். சமையலறை ஜன்னலில் இருந்து அதன் முகம் தெரிய வேண்டுமாம். இப்போது வீதி முனை வரை பின்னாலேயே போக வேண்டும். வாசலில் நஞ்சப்பன் சலவை வேட்டியோடு வந்து நின்றிருந்தார். செவ்வந்தி சட்டென்று இறங்கி, அவர் கையைப் பிடித்து ஏற்றி, தன் சீட்டில் உட்காரவைத்தாள். அவர் ஸ்டியரிங்கில் இரண்டு விரலை மட்டும் வைத்து எடுத்தார். "போதும் சாமி, பிள்ளைக காத்துட்டு இருக்கும்," என்று இறங்கிக்கொண்டார்.

மதிவதனி புதுச் சீருடையில், அலசி விட்ட தலையோடு, அம்மாவுக்குப் பின்சீட்டில் ஏறினாள். மோகன்குமார் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். கேமரா இருக்கும்போது ஆள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வண்டி கிர்ரென்றது, பீப் பீப் என்று பின்னால் நகர்ந்தது. "வரட்டும், வரட்டும்," என்றபடி பின்னாலேயே நடந்தான்.

திரையைப் பார்த்துவிட்டு மதிவதனி ஜன்னலில் தலை நீட்டினாள். "அப்பா, சித்த இடது பக்கம் நில்லுங்க."

நகர்ந்தான்.

"இன்னும் கொஞ்சமுங்க. தலைய மேல தூக்குங்க. ஆங், அசையாம."

பிரேக் விளக்கு சிவந்து வண்டி நின்றது. மோகன்குமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்டுடியோவில் படம் எடுக்க நிற்பவன் போல நெஞ்சை நிமிர்த்தி, விளிம்பில் கடுகளவு சிவப்போடு எண்ணெய் மினுங்கும் அந்தக் கறுப்புக் குமிழைப் பார்த்தபடி வீதி நடுவில் விறைத்து நின்றான். உள்ளிருந்து ஹாரன் ஒரு முறை ஒலித்தது.