கஸ்பார் படித்த வயிறு

கஸ்பாருக்குத் தெரியாத சங்கதி ராயபுரத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் வாய் மூடாது. துறைமுகத்தில் கடலாழம் அளக்கும் படகில் அவனுக்கு வேலை. ஒலியைக் கடலடிக்கு அனுப்பி, அது திரும்பி வருவதைக் காகிதத்தில் கோடாக இழுக்கும் கருவி அங்கே உண்டு. அதைப் படிக்கிறவர் ஆபீசர். துடைக்கிறவன் கஸ்பார். ஊருக்குள் மட்டும் படிக்கிறவனும் அவன்தான்.

அவன் மனைவி ஃப்ளோரன்ஸுக்கு மூன்றாம் மாதத்தில் ரத்தம் பட்டது. ஏற்கெனவே இரண்டு கலைந்தவள். இதாவது இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஸ்கேன் மெஷின் வந்திருந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

"நம்ம போட்ல கீற அதே மெஷின்தாம்மே. தண்ணி இருந்தாத்தான் வேலை செய்யும். நான் பாத்து சொல்றேன், நீ பேஜாராவாத."

ஆஸ்பத்திரியிலும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், ஒன்றுக்குப் போகக்கூடாது என்றார்கள். நுனிப்புல் மேய்கிறவனுக்கு அது போதாதா? வரிசையில் இருந்த பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான். ஃப்ளோரன்ஸ் முட்டிக்கொண்டு வந்த அவஸ்தையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

கெஞ்சிக் கூத்தாடி அவனும் உள்ளே வந்தான். அறை இருட்டாக இருந்தது.

"இது எக்ஸ்ரே இல்லம்மா. ஊசி கிடையாது, வலிக்காது. ஜெல்லி ஜில்லுன்னு இருக்கும். கொஞ்சம் அழுத்துவேன், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. சொன்னபடியே இருந்தது. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல ஒரு ஆள் இருந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

திரையில் பெரிதாக ஒரு கறுப்பு தெரிந்தது. டாக்டர் வாயைத் திறக்குமுன் கஸ்பார் குனிந்து படித்துவிட்டான்.

"ஒண்ணுமே இல்ல. வெறுந்தண்ணி." சொன்னதோடு நிற்காமல் வெளியே போய் வரிசைக்கும் அறிவித்தான்.

இத்தனை வருஷம் நம்பாத வாயை அந்த ஒரு கணம் ஃப்ளோரன்ஸ் நம்பிவிட்டாள். 

"அது நீங்க குடிச்ச தண்ணிம்மா, மூத்திரப்பை. குழந்தை அதுக்குக் கீழே. இதோ, இதயம் துடிக்குது பாருங்க."

நொய்யரிசி அளவுக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கதவுக்கு வெளியே கஸ்பார் தேம்புவது கேட்டது. முதல் குழந்தை போனபோது மறுநாளே ஷிப்டுக்குக் கிளம்பியவன். இரண்டாவது போன அன்று வீடு திரும்பும் வழியில் மீன் பேரம் பேசினான். ரெண்டுக்கும் ஒரு சொட்டு விட்டதில்லை.

"வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டரம்மா. முதல்ல நான் ஒண்ணுக்குப் போயிட்டு வரேன். அதுவரிக்கும் அழுதுகினு இருக்கட்டும்."