மஸ்துராவின் வீட்டுக்கு வந்த கடல்

அலையாத்திக் காட்டுப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, மஸ்துராவின் சமையலறைக்குள் கடல் ஏறியது. செபாங்கா ஊரிலேயே மேடான இடத்தில் இருந்தது அந்த வீடு. அதற்குக் கீழே மசூதியிலும் மீன் சந்தையிலும் தரை காய்ந்தே கிடந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. தரைப் பலகைகளின் இடுக்கிலிருந்து சத்தமில்லாமல் ஊறிக் கணுக்கால் அளவு நின்றது, மதியத்துக்குள் வந்த வழியே இறங்கிப் போனது. சுவரோரம் கொஞ்சம் சேறும் அடுப்புக்கடியில் ஒரு நண்டும் மிஞ்சின. சாயங்காலம் மறுபடியும் வந்தது. அவள் கணவன் ஜார்கசி ஒரு விரலை நனைத்து நக்கிப் பார்த்தான். உப்புக் கரித்தது.

அந்தப் பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள்தான் போவார்கள். காட்டை ஒட்டியே வாழும் செபாங்காக்காரர்கள் யாரும் சீட்டு வாங்கி அதைப் பார்த்ததில்லை. இவர்கள் போனது ஒரு சண்டையால். விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த ஜார்கசிக்கு ஆற்றின் மேல்பக்கம், உள்நாட்டில், நிலக்கரிச் சுரங்கத்துப் படகில் வேலை கிடைத்திருந்தது. கடல் கண்ணில் படாத ஊரில் இருக்க முடியாது என்று மஸ்துரா சொல்லிவிட்டாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவளைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியாமல் அவன் பூங்காவுக்கு அழைத்துப் போனான். பலகைப் பாலத்தில் நடந்தார்கள், பெருமூக்குக் குரங்குகளைப் பார்த்தார்கள், மிளகாய்ச் சம்பல் தொட்டு வறுத்த வாழைப்பழம் தின்றார்கள், சமாதானமாகாமலேயே திரும்பினார்கள்.

“அங்கேருந்து எதையாவது தூக்கிட்டு வந்தியா?” என்று ஜார்கசி கேட்டான்.

“ஒண்ணும் எடுக்கல, பாங். செருப்புல சேறுகூட ஒட்டல” என்றாள் மஸ்துரா. அண்ணன் என்கிற அர்த்தத்தில் கணவனை அவள் பாங் என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்ப யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?”

அங்கேதான் அவளுக்குக் குழம்பியது. எதிர்ப்படுகிற யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவது அவள் வழக்கம். மீன்காரியைக் கூப்பிடுவாள், போலீஸ்காரரைக் கூப்பிடுவாள். பூங்காவில் சீட்டுக் கொடுத்த பெண்ணிடம், “அந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்று சொன்னது நினைவிருந்தது. கைப்பிடிமேல் உட்கார்ந்திருந்த கிழக் குரங்கிடமும் விளையாட்டாகச் சொன்னாள். பிறகு பாலத்துக்கடியில் கடல் ஏற்றம் பெருகி, உதிர்ந்த இலைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தபோது அதைப் பார்த்தும் வாய் எதையோ சொன்னது. வீட்டுக்கு வா என்றுதான் சொன்னதா? அவள் கவனிக்கவில்லை.

“குரங்கைக் கூப்பிட்டா குரங்குதானேடி வரணும்?” என்றாள் பக்கத்து வீட்டு ஹம்சினா, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றபடி. “போன்னு சொல்லிப் பாரேன்.”

“வந்தவங்களைப் போன்னு எப்படி சித்தி சொல்றது?”

பூங்கா அதிகாரி ஒருவர் வந்து தண்ணீரைக் குப்பியில் பிடித்தார். கடல் இவ்வளவு உயரத்துக்கு வர முடியாது என்று விளக்கிச் சொல்லிவிட்டு, நனைந்த காற்சட்டையோடு இறங்கிப் போனார். ஜார்கசிக்கு அந்த விளக்கம் போதவில்லை. “கடலை விட்டு வரமாட்டேன்னே. இப்ப அதையே வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சுட்டே. என்னைத் தோக்கடிக்கத்தானே?” என்றான். அப்படியும் இருக்கலாமோ என்று அவளுக்கே சந்தேகம்.

அதன்பின் அவள் யாரையும் வா என்று சொல்வதில்லை. எது வந்து நிற்குமோ என்று பயம். ஜார்கசி மூட்டையோடு படகேறிய அன்றும் துறையில் நின்று, “உடம்பைப் பாத்துக்கோங்க, பாங்” என்று மட்டும் சொன்னாள். வந்துடுங்க என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த ஜார்கசி, அது வராததால் திரும்பிப் பார்க்காமல் போனான்.

வருஷங்கள் போயின. தண்ணீர் முழங்காலுக்கு உயர்ந்தது. பானைகளைக் கயிற்றில் தொங்கவிட்டாள், கட்டிலுக்குக் கால் நீட்டினாள், சேற்றில் துள்ளும் மீன்கள் அலமாரியில் ஏறாமல் துடைப்பத்தால் விரட்டினாள். முருங்கைக்காய் போன்ற அலையாத்தி நாற்றுகள் எங்கிருந்தோ மிதந்து வந்து பலகை இடுக்கில் குத்தி நின்று மரங்களாயின. கூரையில் ஓட்டை போட்டு அவற்றுக்கு வழிவிட்டாள். ஒரு நாள் அந்தக் கிழக் குரங்கு தன் குடும்பத்தோடு கூரைக்கு வந்தது. அடுத்த மாதமே சீட்டுக் கொடுக்கிற பெண் கொய்யாப்பழப் பையோடு வந்து, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, “கூப்பிட்டீங்களே அக்கா, இப்பதான் நேரம் கிடைச்சுது” என்றாள்.

அந்தப் பெண் போன பிறகு மஸ்துரா தண்ணீரில் நின்று எண்ணிப் பார்த்தாள். கூப்பிட்ட எல்லாரும் வந்திருந்தார்கள், அவரவர் நேரத்தில். கூப்பிடாத ஒரே ஆள் வரவில்லை. இது சரியான கணக்குதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே, இறங்கத் தொடங்கியிருந்த தண்ணீரைப் பார்த்து, “வந்துடுங்க, பாங்” என்றாள்.

மறுநாள் சாயங்கால ஏற்றத்தில், ஆறே இல்லாத அந்த மேட்டில், கொல்லைப்புற மரங்களுக்கு நடுவே ஜார்கசியின் படகு வந்தது. இளைத்திருந்தான். இயந்திரத்தை நிறுத்தத் தோன்றாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆத்துல கரி ஏத்திட்டு வந்துட்டிருந்தேன். ஒரு வளைவு திரும்பினேன், நம்ம வீட்டுப் பானை தெரியுது. நான் எப்படி வந்தேன், மஸ்துரா?”

“எனக்கும் தெரியல. கயித்தை அந்தத் தூண்ல கட்டுங்க. சாப்டீங்களா?”

“இல்ல.” கயிற்றைத் தூணில் சுற்றினான். “இருக்கவா, போகவா?”

“தண்ணி வத்தட்டும்னு பாக்குறீங்களா? அது திரும்ப வரும். இருங்க.”

அவன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். சுரங்கத்துக்காரர்கள் காணாமல்போன படகைச் சில மாதம் தேடி, பிறகு விட்டுவிட்டார்கள். செபாங்கா வானொலியில் இப்போது காலைச் செய்திக்குப் பிறகு துறைமுகத்துக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் கடல் ஏறி வற்றும் நேரம் சொல்கிறார்கள். மூன்றாவதாக மஸ்துராவின் சமையலறைக்கும் சொல்கிறார்கள். அடுத்தது மீன் விலை.