ஒரு நாள் இடைவெளி

பல்கலைக்கழகம் காலத்தை வென்றது. அரசர்கள் மறைவார்கள், அறிவு மறையாது. ஆனால் அங்கே தொழிலாளர் சட்டம் நடத்தும் ஒப்பந்த விரிவுரையாளர் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் மறைந்தே ஆகவேண்டும். விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டுவிடுவாராம். அதனால் பழைய ஒப்பந்தத்துக்கும் புதியதற்கும் நடுவே ஒரு நாள் அவரை வேலையில்லாதவராக்கி வீட்டில் உட்கார வைப்பார்கள். மாணவர்களுக்கு அவர் பல வருடமாக ‘டெம்பரவரி சார்’.

இந்த முறை பார்த்து அந்த நாளில்தான் ஆய்வுக்குழு வந்து தொலைந்தது.

“ஒரு ஓரமா வந்து ஃபைலை எடுத்துக் குடுத்துடுங்க. வந்த மாதிரியும் இருக்கணும், வராத மாதிரியும் இருக்கணும்” என்றார் துறைத்தலைவர். கைரேகை இயந்திரத்தில் தன் விரலை வைத்துக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். வேலை முடிந்ததும் சாரை உள்ளேயே விட்டுவிட்டுக் குழுவோடு விருந்துக்குக் கிளம்பிவிட்டார், போனையும் அணைத்துவிட்டார்.

கண்ணாடிக் கதவு சாரின் விரலை ஏற்கவில்லை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து வைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். ஊதியும் பார்த்தார். சட்டத்தை அந்த இயந்திரம் அவரைவிடக் கறாராகப் படித்திருந்தது.

வெளியே காவலாளி வந்து நின்றார். “என்ன சார், பொறியில மாட்டுன எலி மாதிரி? நான் திறந்துவிடறேன். யாரு, எதுக்கு வந்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும், அவ்வளவுதான்.”

சார் பதறி மனைவிக்குப் போன் போட்டார்.

“கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு!” என்றாள் அவள். “இடைவெளி நாள்லயும் வேலை வாங்கறாங்க, சாட்சிதான் இல்லன்னு புலம்புவீங்களே. பேரைப் போட்டு எழுதச் சொல்லுங்க!”

“எழுதினா நாளைக்கு ஒப்பந்தம் தரமாட்டாங்க.”

“எழுதாட்டி?”

“தருவாங்க. ஒரு வருஷத்துக்கு.”

“அடேங்கப்பா! பசங்களுக்கு வகுப்பெடுக்க மட்டும்தானா அந்தச் சட்டமெல்லாம்?” போனை வைத்துவிட்டாள்.

சார் கதவிடுக்கில் வாயை வைத்தார். “அண்ணே, குழாய் ரிப்பேர்னு எழுதிக்கோங்க.”

காவலாளி அவருடைய இஸ்திரி மடிப்பை மேலும் கீழும் பார்த்தார். “குழாய்க்காரர் வெறுங்கையை வீசிட்டா போவாரு? மேல கேமரா இருக்கு சார்.”

சார் கழிவறைக்குள் போய்த் திரும்பினார். கதவு திறந்தது, அவர் வெளியே வந்ததும் மூடிக்கொண்டது. துறையின் கழிவறை வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.