தொங்கவிட்டால் அணையும் மிஷின்

மூன்றாவது தடவையாக அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார் அணிலண்ணன். மரம் அறுக்கும் மிஷின். விசையை அழுத்தினால் ஊரையே கூட்டும். விரலை எடுத்தாலோ சும்மா ஓடிக்கொண்டிருக்கத் தெரியாமல் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துபோகும். மரத்து உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு கிளைக்கும் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து மனிதர் நொந்து நூலாகிப் போயிருந்தார்.

இளவயதில் சரசரவென்று மரம் ஏறியதால் வந்த பெயர் அணில். இப்போது தொப்பை வந்துவிட்டது, முழங்கால் முனகுகிறது. பெயர் மட்டும் பருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை.

கூட வந்திருந்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. மேலே இவர் அறுக்கும் கிளையைக் கீழே நின்று கயிற்றில் இறக்குவது அவன் வேலை. பேச்சில் மகா கஞ்சன். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் மிஷினை மேஜைமேல் வைத்து இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாததுபோல் சீராக ஓடியது. பிளக்கை மாற்றியாயிற்று, ஃபில்ட்டரை மாற்றியாயிற்று, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று என்று அவர் அலுத்துக்கொண்டார். சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடிலிங் திருகை இதற்குமேல் ஏற்றினால் விசையை விட்ட பிறகும் அறுக்கும் சங்கிலி சுற்றும், தொடையைப் பதம் பார்த்துவிடும் என்றார்.

"மேல எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படியே பிடிச்சுக் காட்டுங்கண்ணே."

அணிலண்ணன் இரண்டு கையாலும் மிஷினை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அது அணையவே இல்லை. அணையாது என்று அவருக்குத் தெரியும். மேலே அவர் அப்படிப் பிடிப்பதே இல்லை. வலது தோள் கெட்டுப்போய்ப் பல நாளாகிறது. ஒரு கிளை விழுந்ததும் சங்கிலிக்குப் பிரேக் போட்டுவிட்டு, பின்கைப்பிடியில் மிஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கையை ஆற்றிக்கொள்வார். அப்போதுதான் அது உயிரை விடும்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. சட்டையைக் கழற்றும்போது அவர் முனகியதை மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். ஒருக்களித்துப் படுத்ததில் பிடித்துக்கொண்டது என்று சமாளித்தார். அவள் நம்பவில்லை. கையில் கோளாறு என்று தெரிந்தால் இவரை மரத்தில் ஏற விடாதே என்று, அவர் எதிரிலேயே தம்பியிடம் சொல்லிவைத்திருந்தாள். ஏறாவிட்டால் என்ன செய்வது? கீழே நின்று தழை பெருக்குவதா? நினைக்கும்போதே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். மிஷினில் ஒரு குறையும் இல்லை, எடுத்துப் போகலாம் என்றார்.

எடுத்துப் போனால் நாளைக்கும் அந்த ஸ்டார்ட்டர் கயிறுதான். இந்தத் தோளால் இன்னொரு நாள் இழுக்க முடியாது என்பது அணிலண்ணனுக்கு அந்த நிமிடம் தெளிவாகத் தெரிந்தது. பொய் சொல்லவும் அலுத்துவிட்டது. பிரேக்கைப் போட்டு, ஓடும் மிஷினோடு வலது கையைத் தொடையோரம் தொங்கவிட்டார்.

இரண்டு இருமல். அணைந்தது.

மெக்கானிக் மூடியைக் கழற்றி விளக்கைக் கிட்டே பிடித்தார். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருந்த ரப்பர் குழாயின் அடியில் ஒரு கிழிசல். நேராக இருந்தால் வாயை மூடிக்கொள்கிறது. தொங்கவிட்டால் பாரம் இழுத்துப் பிளந்து, காற்று உள்ளே போகிறது. வேறு குழாய் மாட்டினார். இப்போது எப்படித் தொங்கவிட்டாலும் ஓடியது.

"யாரும் இப்படித் தொங்கவிட மாட்டாங்களேண்ணே, அதான் எனக்குத் தோணவே இல்ல," என்றார் மெக்கானிக்.

அணிலண்ணன் மச்சினனைப் பார்க்காமலே, தோளில் கொஞ்சம் பிடிப்பு என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாமா."

"யார் சொன்னா?"

"கீழ நிக்கிறவனுக்கு நாள் முழுக்க மேல பாக்கறதுதானே வேலை. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

கொஞ்ச நாளாக மூன்று மணி ஆனதுமே, போதும் மாமா, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று அவன் கீழேயிருந்து குரல் கொடுப்பது நினைவுக்கு வந்தது. அதற்காக அவனைச் சோம்பேறி என்று ஊர் கேட்கத் திட்டியதும் நினைவுக்கு வந்தது. ஒரு தடவைகூட அவன் எதிர்த்துப் பேசியதில்லை.

"நாளைக்கு நான் ஏறுறேன்," என்றான் மச்சினன்.

கோபம் வரும் என்று அணிலண்ணன் எதிர்பார்த்தார். வரவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. மச்சினன் எழுந்துவந்து மிஷினை எடுத்துக்கொண்டான். பழக்கத்தில் இவரும் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. இவர் கேட்கவும் இல்லை.