குளம் உள்ள மைதானம்

தேர்வுப் போட்டியை ஆடச் சென்னையில் இரண்டு கோல்ஃப் மைதானங்கள் இருந்தன. வெளியூர்க்காரர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையையே பார்த்திராத தேன்மொழி, மலைமேல் இருக்கும் தன் ஊரான குண்டூர் நாட்டில் சிக்னல் கிடைக்கும் சாலை வளைவில் நின்று, இரண்டின் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பயிற்சியாளர் அந்தோணிசாமியின் போனில் சென்னை அலுவலர் பதிலுக்குக் காத்திருந்தார். தவறாகத் தேர்ந்தெடுத்தால் மாநில அணியில் இந்த வருடம் இடமில்லை.

“சமதளமா இருக்கிறதைச் சொல்லும்மா. இன்னொண்ணுல குழிக்குப் பின்னாடியெல்லாம் குளம். பந்து போனா போனதுதான்,” என்றார் அந்தோணிசாமி.

“எங்க காட்டுலயும் போனா போனதுதானுங்க சார்,” என்றார் அப்பா ராசு. “வரப்பு தாண்டுனா கீழ இருக்கற பைல் நாட்டுக்காரந்தான் எடுத்துக் குடுக்கோணும்.”

தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. சாமை அறுத்த அடுக்கு வயலில் ஆடப் பழகியவள் அவள். வரப்புக்கு அப்பால் பள்ளம் என்பதால், விளிம்புக்கு முன்பே பந்தை நிறுத்தக் கை பழகியிருந்தது. சமதளத்தில் ஆடிய ஒரே போட்டியில் அந்தக் கைதான் தோற்கடித்தது. பயப்பட ஒன்றுமில்லாத இடத்திலும் பந்துகள் குழியை எட்டாமலே நின்றன. இந்தப் படத்திலோ குளத்தின் விளிம்பு குழிக்குச் சற்றே பின்னால் இருந்தது.

“கண்ணு, அவிய காத்திருக்கறாங்க,” என்றார் அப்பா.

“குளம் இருக்கறதுங்க சார்.”

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“ஆமாங்க.”

அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டு, போனில் அதையே சொன்னார்.