ஏற்பாடு மாமா கூட்டிய கூட்டம்

அவளுடைய மோட்டார் ரிப்பேர் கடைக்கு அன்று விடுமுறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. ‘இருந்துவிட்டுப் போகட்டும், இதைப் பார்த்துத்தானே பிடித்திருக்கிறது என்றார்’ என்று அவள் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

வருகிறவன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். பம்பு செட் கண்காட்சியில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சரி என்றாகிவிட்டது. குடித்தனம் எந்த ஊரில் என்பதில்தான் இழுபறி. அவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம். அவளோ கடையை விட்டு வரமாட்டாள்.

“ஒருநாள் உங்க ஊரைச் சுத்திக் காட்டுங்க” என்று போனில் சொல்லியிருந்தான். “பார்க்கிறதுக்கும் பொழுது போறதுக்கும் ஏதாவது இருந்தா, பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்.”

“இல்லேன்னா?”

“நீங்க இங்க வரணும்.”

“வரமாட்டேன்.”

“தெரியும். அதான் பயமா இருக்கு.”

அவளுக்கும் பயம்தான். அந்தப் பயத்தில் ஒரு தப்புச் செய்தாள். மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் தம்பி அவர். விசேஷங்களுக்கு நாற்காலி, மேஜை, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். எதைச் சொன்னாலும் “ஏற்பாடு பண்ணிடறேன்” என்பார் என்பதால் ஊருக்கு அவர் ஏற்பாடு மாமா. “கூட்டம் இருந்தாத்தாம்மா அது பார்க்கிற இடம். காலி நாற்காலியைப் பார்த்து எவனாவது உள்ள வந்து உட்காருவானா?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவன் கடைத்தெருவைப் பார்த்து நின்றுவிட்டான். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. டீக்கடை, மருந்துக் கடை, தையல் கடை எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. நடுரோட்டில் ஒரு நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

“யாராவது பெரியவங்க தவறிட்டாங்களா?” என்றான் மெதுவாக.

“சேச்சே! அமைதியான ஊரு மாப்பிள்ளை” என்றார் வேனோடு வந்து நின்ற மாமா.

“ஒரு டீ கிடைக்குமா?”

“டீயா? அதை எங்க வேணாலும் குடிக்கலாம். முதல்ல ஏரி!” என்று வேனில் ஏற்றிக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஜே ஜே என்று கூட்டம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் பை. ஒருவர் குழந்தைகளின் பிளாஸ்டிக் தொலைநோக்கியால் எருமை ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். தொலைநோக்கி, டீக்கடைக்காரர். சிவப்புத் தொப்பி, முடிவெட்டுகிறவர். ‘ஆகா, என்ன காற்று!’ என்று சத்தமாகச் சிலாகித்த ஜோடி, தையல் கடைக்காரரும் அவர் சம்சாரமும்.

மாமாவைத் தனியே இழுத்தாள். “என்ன மாமா இது?”

“சுற்றுலாப் பயணிங்க.”

“அது முடிவெட்டுற அண்ணன்!”

“இன்னிக்கு வெளியூரு.”

உண்மையைப் போட்டு உடைக்கத் திரும்பினாள். ஆனால் அவன் முகம் மலர்ந்திருந்தது. “பரவாயில்லையே! சாதாரண நாள்லயே இவ்வளவு பேர் வர்றாங்களா?” என்றான். அவள் வாயைத் திறந்தாள். “ம்” என்று மட்டும்தான் வந்தது.

அடுத்தது குன்று. மாமா வேனைச் சுற்றுவழியில் விட்டார். கூட்டம் குறுக்குவழியில் பைக்கில் பறந்து, மூச்சிரைக்க முன்னாலேயே மேலே போய் நின்றது.

“அந்தச் சிவப்புத் தொப்பி ஏரியிலயும் இருந்தாரே?”

“நல்ல ரசிகர்” என்றார் மாமா.

உச்சியிலிருந்து பார்த்தால் பச்சை வயல்களுக்கு அப்பால் உயரமான கட்டடங்களும் பளபளக்கும் கூரைகளுமாக ஓர் ஊர் தெரிந்தது.

“அட, உங்க ஊர் அழகா இருக்கே!”

“அது பக்கத்து ஊர்” என்றாள். “எங்க ஊர் இந்தப் பாறைக்குப் பின்னாடி. இங்கிருந்து தெரியாது.”

“ஓ. லீவு நாள்ல நீங்க எங்க போவீங்க?”

“அங்கதான்.”

மாமாவுக்கு இருமல் வந்தது.

இறங்கத் திரும்பியபோது அவன் செருப்பு வார் அறுந்தது. “கீழ போனா தைக்க ஆள் கிடைக்குமா?” என்று கேட்டான். மாமா “கடைத்தெருவுல...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பயணி அறுந்த வாரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மறுபடி வாரைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“இப்படிக் கொடுங்க தம்பி” என்று குந்தி உட்கார்ந்து, கேமரா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார்.

“சார், நீங்க சுத்திப் பார்க்க வந்தவர்தானே?”

“ஆமாமா.”

“ஊசியோடவா?”

“அது இல்லாம வெளியில கிளம்பினா ஒருமாதிரி இருக்கும் தம்பி.”

அணை உடைந்தது. “தைக்கிற வரைக்கும் ஒரு டீ?” என்று தொலைநோக்கி பிளாஸ்க்கைத் திறந்தது. சிவப்புத் தொப்பி அவன் தலையைச் சுற்றி வந்து, “பின்பக்கம் எந்தப் பாவி இப்படி எலி கடிச்ச மாதிரி வெட்டினான்?” என்றது. மருந்துக் கடைக்காரரின் போன் அலறியது. “என்னது, குழந்தைக்குக் காய்ச்சலா? கடை வாசல்லயே நில்லும்மா, பறந்து வர்றேன்!” என்று அவர் தொப்பி விழுந்தது தெரியாமல் ஓடினார்.

அவன் அவளைப் பார்த்தான். “யாருங்க இவங்க எல்லாம்?”

“எங்க கடைத்தெரு. மொத்தமா” என்றாள். “மாமாவோட வேலை. ஆனா ஏரிக்கரையிலயே எனக்குத் தெரியும். சொல்லலை. இந்த ஊர்ல பார்க்க ஒண்ணும் கிடையாது. இருக்கிற ஏரியும் பாதி நாள் மாடு மேயற இடம். அடுத்த பஸ் இருக்கு, போறதுன்னா போ!” கோபத்தில் ‘நீங்க’ எங்கோ விழுந்துவிட்டது.

முடிவெட்டுகிறவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். “பொண்ணைக் கோவிச்சுக்காதீங்க தம்பி. இவ போயிட்டா மோட்டார் ரிப்பேருக்கு நாங்க அந்த ஊருக்குப் போகணும்” என்று தூரத்துக் கட்டடங்களைக் காட்டினார். “அங்க இருக்கிறவன் கொள்ளைக்காரன்.”

“அவன் பார்த்த மோட்டார்ல தண்ணி வராது, புகைதான் வரும்” என்றார் டீக்கடைக்காரர்.

“ஓ! என் மேல பாசத்துல வரலையா நீங்க?” என்று அவள் இடுப்பில் கைவைத்தாள்.

“பாசமும்தான்மா” என்றார் தையல் கடைக்காரர் அவசரமாக.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தைத்த செருப்பை மாட்டி, “எல்லாரும் போய்க் கடையைத் திறங்க. நான் இன்னும் ஊரையே பார்க்கலை” என்றான்.

கடைத்தெருவில் ஷட்டர்கள் கடகடவென்று ஏறின. நாய் எழுந்து ஓரமாகப் போனது. அவள் கடை வாசலில் ஒருவர் புகைந்த மோட்டாரோடு காத்திருந்ததால், விடுமுறை அதோடு முடிந்தது. கையெல்லாம் கிரீஸாகி அவள் நிமிர்ந்தபோது நகரத்துக்குப் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. திக்கென்றது. எதிரே முடிவெட்டும் கடைக்கு ஓடினாள்.

அவன் கழுத்தில் துணி கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ. காத்திருந்த நாலு பேரும் அவனும், பக்கத்து ஊர் மெக்கானிக்கை ஏகமனதாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பஸ் கிளம்பப் போகுது” என்றாள்.

“தலையை ஆட்டாதீங்க” என்றார் முடிவெட்டுகிறவர்.

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். “போகட்டும். காலையில போய்ப் பெட்டியைக் கட்டறேன். உங்க கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்காமே? இவர்தான் சொன்னார்.”

அவள் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள்.

மாமா சந்தோஷத்தில் உள்ளே பாய்ந்தார். “அப்ப அடுத்த வாரமே அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை! ஊரைச் சுத்திக் காட்ட நான் ஏற்பா...”

முடிவெட்டுகிறவர் கத்தரியோடு அவர் பக்கம் திரும்பினார்.